அது பின்வாசல் இல்லை

சனிக்கிழமை நம் தமிழ்ச் சங்கத்தின் சித்திரை விழாவில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும். யார் சொன்னார் என்பதை மறுபடி எழுதப் போவதில்லை. என் மகளுக்கு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைப் பற்றி "பெர்க்லியா? ஓ, பின்வாசல் வழியா!" என்ற அந்த வார்த்தையைப் பற்றி மட்டும் பேசியாக வேண்டும். மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

ஆமாம், என் மகளிடம் ஹைஸ்கூல் டிப்ளமா, அதாவது பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ், இல்லை. நானே சொல்லிவிடுகிறேன், இனி யாரும் காதோடு காதாகப் பேச வேண்டாம். பத்தாம் வகுப்புப் பாதியில் அவளுக்குக் குடல் நோய் வந்தது. கிரோன்ஸ். அடுத்த இரண்டு வருடம் பள்ளியில் இருந்த நாளைவிட ஆஸ்பத்திரியிலும் படுக்கையிலும் கிடந்த நாள்தான் அதிகம். டிப்ளமாவுக்கு வேண்டிய கிரெடிட் சேரவில்லை. பள்ளி கவுன்சிலர் ஒருவர், அவளையும் எதிரில் வைத்துக்கொண்டே, "காலேஜ் ஆசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்" என்றார். காரில் வீட்டுக்கு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கலிஃபோர்னியாவில் 18 வயது நிரம்பியவர், படித்துப் பயன் பெறக்கூடியவர் என்றால் போதும், டிப்ளமா இல்லாமலே கம்யூனிட்டி காலேஜில், அதாவது அரசு நடத்தும் இரண்டாண்டுக் கல்லூரியில், சேரலாம். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படித்தான் சேர்ந்தாள். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர். பெர்க்லி உட்படப் பல வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யூசிக்கு, மூன்றாம் ஆண்டு மாணவராக மாற 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, அதற்கு மேல் நான்கு பாடம் கட்டாயம். இரண்டு வருடத்தில் முடிக்கக்கூடியதை அவள் மூன்று வருடத்தில் முடித்தாள். எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றப் போவோம். ஒரு கையில் ஊசி, மடியில் புள்ளியியல் புத்தகம். நர்ஸ் வந்து "கையை ஆட்டாதே" என்று அதட்டுவார்.

இதில் எங்கே இருக்கிறது பின்வாசல்?

கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு மாறும் வழி எங்களைப் போன்றவர்கள் தேடிக் கண்டுபிடித்த சந்து இல்லை. 1960-ல் கலிஃபோர்னியா உயர்கல்விக்கு மாஸ்டர் பிளான் போட்டபோதே திட்டமிட்டு அமைத்த வழி. புதுமுக மாணவர் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் மாறி வருபவர்களைச் சேர்க்க வேண்டும் என்று யூசியே தனக்கு இலக்கு வைத்திருக்கிறது. வாசலில் பெயர்ப் பலகை மாட்டி, வா வா என்று கூப்பிடுகிறார்கள். அது எப்படிப் பின்வாசல் ஆகும்?

"இடத்துக்கு உத்தரவாதம் தருகிறார்களே" என்று ஒருவர் போனில் சொன்னார். அந்த உத்தரவாதம் யூசியின் ஆறு வளாகங்களுக்கு உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்), சான் டியாகோ மூன்றும் அதில் கிடையாது. இவள் போட்டியில்தான் இடம் வாங்கினாள். தயவுசெய்து இதையாவது தெரிந்துகொண்டு பேசுங்கள்.

"எங்கள் பிள்ளை நான்கு வருடம் ஏபி வகுப்பு (பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம்), போட்டி, தன்னார்வப் பணி என்று ராப்பகலாக உழைத்தானே, அவனுக்குக் கிடைக்கவில்லையே" என்கிறீர்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. யூசிஎல்ஏவில் புதுமுக மாணவராக விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. மாறி வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கிடைக்கிறது. கணக்கைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கம்யூனிட்டி காலேஜில் சேருபவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பம் போடும் இடம்வரைகூட வருவதில்லை. வேலை, குழந்தை, நோய், வாடகை என்று பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இவளோடு முதல் செமஸ்டரில் படித்த ஒரு பெண், இரவு முழுக்கக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்புக்கு வருவாள். இரண்டாம் வருடம் அவளைக் காணோம். அந்த வாசலில் நின்று பார்த்தவர்கள் அதை லேசான வழி என்று சொல்லமாட்டார்கள்.

நம் ஊருக்கே வருவோம். என் சொந்த அண்ணன் பிளஸ் டூ படித்தவர் இல்லை. பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, அப்புறம் டிப்ளமோ முடித்தவர்களுக்கான காரைக்குடி கவுன்சிலிங், நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் அவரை லேட்டரல், அதாவது இடையில் வந்து சேர்ந்தவர், என்றே கூப்பிட்டார்களாம். லேத்தில் அவர் கை ஓடுகிற மாதிரி அந்த வகுப்பில் யாருக்கும் ஓடாது என்று அவருடைய நண்பர்கள் இன்றும் சொல்வார்கள். சனிக்கிழமை அந்த மேசையில் இருந்தவர்களில் இருவர் இதே வழியில் வந்த இன்ஜினியர்கள். சிரித்தவர்களில் அவர்களும் உண்டு. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"விளையாட்டுக்குச் சொன்னது, பெரிதுபடுத்தாதீர்கள்" என்று நேற்று மெசேஜ் வந்தது. என் மகள் பாயசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சரியாக என் பின்னால்தான் நின்றாள். கேட்டுவிட்டாள். எதுவும் சொல்லாமல் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். அவள் படுக்கையில் கிடந்த அந்த இரண்டு வருடத்தில் நம் சங்கத்திலிருந்து எத்தனை பேர் வந்து பார்த்தீர்கள்? மூன்று குடும்பம். ஒரு அக்கா வாராவாரம் குழைந்த சாதமும் தெளிவான ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்; அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். மற்றவர்கள் "எந்த காலேஜ்" என்று கேட்கத்தான் முதல் போன் செய்தீர்கள்.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. சங்கத்தின் ஜூன் பொட்லக்குக்கு (ஆளுக்கொன்று சமைத்து வரும் விருந்து) வருகிறீர்களா என்று கமிட்டியில் கேட்டார்கள். அவளைக் கேட்டேன். "நீ போயிட்டு வாம்மா, நான் வரல" என்றாள். நானும் வரவில்லை.