உறுப்பினராக இருந்தால் கொல்லலாமா?

இந்தோனேசியாவில் 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி ராணுவமும் அதன் ஆதரவாளர்களும் நடத்திய கொலைகளைப் பற்றி, அப்போது குழந்தையாக இருந்தவர்களும் பிறந்தே இராதவர்களும் எழுதிய நாவல்களை வரிசையாகப் படித்தேன். ஆங்கிலத்தில்தான். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

லக்ஸ்மி பமுன்சாக்கின் 'அம்பா' நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அம்பா, பீஷ்மன், சால்வன் என்று எல்லாம் மகாபாரதப் பெயர்கள். பீஷ்மன் இதில் கிழக்கு ஜெர்மனியில் படித்த டாக்டர். புரு தீவுக் கைதி முகாமில் போய்ச் சேருகிறான். லைலா சுதோரியின் 'புலாங்' நாயகன் பத்திரிகைக்காரர். மேலாளருக்குப் பதிலாக வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனவர், ஊர் திரும்ப வழியில்லாமல் பாரிஸில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். ஊர் நினைவுக்கு வீட்டில் சாடிகளில் கிராம்பும் மஞ்சள்தூளும் வைத்திருப்பார். அந்த இடத்தில் கொஞ்சநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரண்டும் 2012இல் வந்தவை. இரண்டு நாயகர்களுமே கட்சிக்காரர்கள் இல்லை.

செத்தவர்கள் 5 லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களா? கம்யூனிஸ்ட் கட்சி அன்று தலைமறைவுக் கட்சி அல்ல. 1955 தேர்தலில் 16 சதவீத வாக்கு வாங்கி நாலாவதாக வந்த கட்சி. விவசாயச் சங்கத்திலும் கெர்வானி மாதர் அமைப்பிலும் ஊரறியச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1960 நிலச்சட்டப்படி தர வேண்டிய நிலத்தைத் தா என்று கேட்டவர்கள். "பாவம், அவன் கட்சியிலேயே இல்லை" என்று நாவல் உருகும்போது, கட்சியில் இருந்தவனைக் கொன்றது சரிதான் என்று ஆகிவிடாதா?

எழுதுபவர்களின் சங்கடமும் புரியாமல் இல்லை. அரசே எடுத்த ஒரு படம் 1984இல் வந்தது. 1965 செப்டம்பர் 30 இரவு கடத்திக் கொல்லப்பட்ட ராணுவத் தளபதிகளைக் கம்யூனிஸ்டுகள் சித்திரவதை செய்தார்கள் என்று காட்டும் அதை 1997 வரை வருடாவருடம் செப்டம்பர் 30 இரவு டிவியில் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பார்க்க வைத்தார்கள். 1966இல் போட்ட கட்சித் தடை இன்றும் நீங்கவில்லை. அப்படி வளர்ந்த வாசகரிடம் ஒரு கம்யூனிஸ்டுக்காக அழச் சொல்வது லேசில்லை. சரி. ஆனால் அந்த லேசில்லாத வேலைக்குத்தானே நாவல்?

1975இல் பிறந்த ஏகா குர்னியவான் அதைச் செய்திருக்கிறார். 2002லேயே. அவருடைய நாவலில் வரும் கிளிவோன் அசல் கட்சித் தோழர். நாடே தலைகீழாகிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் பேப்பர் வரவில்லையே என்று காத்திருக்கிறார். ராணுவம் பேப்பர்களை மூடிவிட்டது.

எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான். கட்சிப் பேப்பர் வரக் கொஞ்சம் நேரமானாலும் வாசலுக்கும் திண்ணைக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.