பக்கத்து வீட்டாருக்கு வாசித்துக் காட்டக்கூடிய கடிதம்

நேபாளத்தில் ஊழியம் செய்கிறவர்கள் தசைன் பண்டிகைக் காலத்தில் அனுப்பும் ஜெபக் கடிதங்கள் கொழும்பில் எங்கள் ஆராதனைகளிலும் வாசிக்கப்படுகின்றன. "இருள்", "சாத்தானின் கோட்டை" என்ற சொற்கள் அவற்றில் தவறாமல் வருகின்றன. எழுதியவர் தம் பக்கத்து வீட்டாருக்கு முன்னால் வாசித்துக் காட்ட முடியாத ஒரு கடிதத்துக்கு ஆமென் சொல்ல என் மனம் இடந்தருவதில்லை.

தசைன் நேபாள இந்துக்களின் பதினைந்து நாள் பண்டிகை. காத்மண்டுவில் கடைகள் பூட்டப்பட்டு, சனமெல்லாம் ஊருக்குத் திரும்பிவிடும். பத்தாம் நாள், அதாவது இங்கே பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் அதே விஜயதசமியன்று, வீட்டுப் பெரியவர்கள் தயிரும் குங்குமமும் சேர்த்துக் குழைத்த அரிசியை இளையவர்களின் நெற்றியில் தடிப்பாக அப்பி, இருட்டில் முளைக்க வைத்த வாற்கோதுமையின் மஞ்சள் நாற்றைக் கையில் கொடுத்து ஆசீர்வதிப்பார்கள். வெளிநாட்டு மிஷனரிக்கு அது விடுமுறை நாள். புதிதாக விசுவாசத்துக்கு வந்த நேபாளப் பெண்ணுக்கோ, பெற்ற தாயின் கை நெற்றியை நோக்கி வரும்போது முகத்தைத் திருப்புவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டிய நாள். அந்தத் தீர்மானம் அவளுடையது. மதம் மாற்றுவோருக்கு 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் சட்டம் 2018 முதல் நடைமுறையில் உள்ள நாட்டில், நாங்கள் இங்கிருந்து பரப்பும் கடுஞ்சொற்களின் விலையையும் அவளைப் போன்றவர்களே கொடுக்கிறார்கள். 1954இல் தொடங்கிய நேபாள ஐக்கிய மிஷன், மதமாற்றத்தில் ஈடுபடுவதில்லை என்ற உடன்பாட்டோடுதான் அங்கே பணியாற்றியது. தான்சேனில் அது எழுப்பிய மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

இதை நான் தூரத்தில் நின்று சொல்லவில்லை. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் கடிதங்கள் பொஸ்டன் நகரில் அச்சாகி, அங்குள்ள சபைகளில் வாசிக்கப்பட்டன. எங்கள் கோயில்களும் திருவிழாக்களும் அவற்றில் இருளாகவே எழுதப்பட்டன. அந்தத் திருவிழாக்களில் தேர்வடம் பிடித்தவர்கள் என் பூட்டன் பூட்டிமார். அந்த மிஷனரிமார் கட்டிய பள்ளிக்கூடங்களுக்கு நன்றியுள்ளவளாக இருந்துகொண்டே, அந்த வரிகள் எனக்கு இன்றும் நோகின்றன என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் தீபாவளி விடியற்காலையில் முறுக்கும் பயத்தம் பணியாரமும் வைத்த தட்டோடு கதவைத் தட்டும் அன்ரி, "படைக்கிறதுக்கு முதலே உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான் பிள்ளை" என்கிறார். எங்கள் மனச்சாட்சியை எங்களைவிடக் கவனமாகக் காக்கும் அந்த அன்பை எந்த ஜெபக் கடிதத்திலும் நான் கண்டதில்லை. அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால் ஒன்றும் விசாரியாமல் உண்ணும்படிதானே பவுலும் கொரிந்தியருக்கு எழுதினார்!

எங்கள் சபைகளின் மிஷன் குழுக்கள் இந்த ஆண்டு ஊழியர்களிடம் வேறு செய்தியைக் கேட்கட்டும்: தசைனுக்கு யார் உங்களை வீட்டுக்கு அழைத்தார்கள், அங்கே என்ன சாப்பிட்டீர்கள், குடும்பத்தாரிடம் முகங்கொடுக்க முடியாமல் அன்றைக்குத் தனித்திருந்த விசுவாசிகளோடு யார் இருந்தார்கள்?