சினிமாலயா இல்லையென்றால் அந்தப் படங்களே இல்லை

பிலிப்பைன்ஸ் சுயாதீனப் படங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "வெளிநாட்டு விழாக்காரர்களுக்காக வறுமையை விற்கிறார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சேரிக் கதைகள் நிறைய வந்தன, சரி. ஆனால் அதை மட்டும் வைத்து அந்த நாட்டுத் திரைவிழாக்களை எடைபோடுகிறவர்கள், மணிலாவுக்கு வெளியே அவற்றால் என்ன நடந்தது என்று பார்ப்பதே இல்லை.

பிலிப்பைன்ஸின் சுயாதீனப் படங்களுக்கான திரைவிழாவான சினிமாலயா வெறுமனே படம் காட்டும் விழா இல்லை. 2005-இல் மணிலாவின் பண்பாட்டு மையத்தில் தொடங்கியபோதே, தேர்வான முழுநீளத் திரைக்கதை ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் பேசோ கொடுத்துப் படமெடுக்கச் சொன்னார்கள். அது போதவே போதாது, மீதியைக் கடனோ உடனோ வாங்கி இயக்குநர்தான் புரட்ட வேண்டும். இருந்தாலும் பெரிய ஸ்டூடியோ எதுவும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும் கதைகள் அந்தப் பணத்தில்தான் உயிர் பிடித்தன. முதல் ஆண்டிலேயே வந்த 'மாக்சிமோ ஒலிவெரோஸ்' பெர்லின் திரைவிழா வரை போய், பாலினச் சிறுபான்மையினர் பற்றிய படங்களுக்கான டெடி விருது வாங்கியது.

விருதை விடுங்கள், எனக்குப் பெரிதாகப் படுவது மொழி. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாடு அது, ஆனால் தியேட்டரில் ஓடுவது பெரும்பாலும் மணிலாவின் தகலோக். நாட்டின் நடுப்பகுதித் தீவான செபுவில் ஒரு காலத்தில் செபுவானோ மொழியிலேயே படங்கள் வந்துகொண்டிருந்தன, அந்தத் தொழில் மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. இந்த நிலையில் 2019-இல் 'ஜான் டென்வர் ட்ரெண்டிங்' வருகிறது. அன்டிகே மாகாணத்துக் கிராமம், பேச்செல்லாம் கினராய்-ஆ மொழி. ஐபேட் திருடியதாகப் பழி விழுந்த ஒரு 14 வயதுப் பையன், அவன் சக மாணவனை அடிக்கும் வீடியோ இணையத்தில் பரவுகிறது, விசாரணை எதுவும் முடிவதற்குள் ஊரும் இணையமும் சேர்ந்து அவனைக் குற்றவாளியாக்கிவிடுகின்றன. நடிப்புக்கே புதிய ஒரு பையன்தான் நாயகன். சினிமாலயாவில் சிறந்த படமும் அதுதான், சிறந்த நடிகரும் அவன்தான். தன் ஊர்ப் பேச்சு பெரிய திரையில் கேட்கும்போது அந்த ஊர்ப் பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். இதுவா வெளிநாட்டுக்காரனுக்காக எடுத்தது?

2009-இல் தொடங்கிய 'சினிமா ரெஹியோன்' இன்னும் ஒரு படி மேலே போய், விழாவையே ஊர் ஊராக மாற்றி மாற்றி நடத்துகிறது. தெற்கே உள்ள மின்டனாவ் ஆட்களும் நடுவே உள்ள விசாயாஸ் தீவுகளின் ஆட்களும் ஒருவர் படத்தை ஒருவர் பார்க்க இப்படி ஓர் இடம் வேண்டாமா?

என் வருத்தமெல்லாம் விழா முடிந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான். பத்து நாள் அரங்கு நிரம்பும், அப்புறம் பல படங்கள் எங்கே போயின என்றே தெரியாது. டிசம்பர் 25 முதல் மெட்ரோ மணிலா திரைவிழாவுக்காகத் தியேட்டர்கள் உள்நாட்டுப் படங்களை மட்டும் போடுகின்றன, அது நல்ல ஏற்பாடுதான். 2016-இல் அதற்குள் சுயாதீனப் படங்களைக் கொண்டுவந்தார்கள், வசூல் குறைந்தது என்று புலம்பல் கிளம்பியது, அடுத்த ஆண்டே விதியை மாற்றி வணிகப் படங்களுக்கு வழிவிட்டார்கள். ஒரே ஆண்டில் ரசனை மாறிவிடுமா என்ன?

2017 ஆகஸ்டில் நாடு முழுக்கத் தியேட்டர்களில் ஒரு வாரம் பிலிப்பைன்ஸ் படங்கள் மட்டும் ஓட அரசுத் திரைப்பட வாரியம் ஏற்பாடு செய்தது. ஆக, மனது வைத்தால் முடியும். அதே மாதிரி சினிமாலயா படங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வாரம் ஒதுக்கட்டும், அதுவும் மணிலா மால்களில் மட்டும் இல்லாமல் அன்டிகேயிலும் செபுவிலும் மின்டனாவின் டவா நகரிலும்.