பணம் முழு சீசனுக்கு, இடம் மட்டும் அவர்கள் இஷ்டத்துக்கா?

மார்ச் மாதத்தில் பணம் முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்தில் "இடத்தைக் காலி செய்துவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இங்கிலாந்தில், கேரவன் என்கிற சக்கர வீடுகளை நிறுத்தி விடுமுறைக்குத் தங்குகிற கேம்ப்சைட் நடத்துகிற சிலருக்கு அந்தத் துணிச்சல் தாராளமாக இருக்கிறது. லிங்கன்ஷயர் கடற்கரையில், ஸ்கெக்னெஸ் நகரத்துக்கு வடக்கே ஒரு கேம்ப்சைட்டில் சீசன் இடம் எடுத்து எங்கள் கேரவனை நிறுத்தியிருக்கிறோம். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே நடப்பதை எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

எங்களுடையது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்கிற சிறிய கேரவன். ஓரிடத்தில் இறக்கி நிரந்தரமாக வைத்துவிடுகிற பெரிய ஸ்டேட்டிக் கேரவன் அல்ல. இதை ஒவ்வொரு வாரமும் இழுத்துக்கொண்டு அலைய முடியாது. மோட்டார்வே என்கிற அதிவேகச் சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, தடுப்பில்லாத சாதாரணச் சாலையில் 50தான். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தவும் இடம் இல்லை. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன், என் கணவருக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட். விமானம் ஏறி ஊர் சுற்றுகிற வசதியெல்லாம் எங்களுக்கு இல்லை. வசந்த காலத்திலிருந்து அக்டோபர் வரை கேரவன் ஒரே இடத்தில் நின்றால், வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால் போதும். அதற்காகத்தான் 2,000 பவுண்டுக்கு மேல், சீசன் தொடங்கும் முன்பே, மொத்தமாகக் கட்டுகிறோம். அந்தப் பணம் எத்தனை கூடுதல் ஷிப்டுகளில் சேர்ந்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை இங்கே பொது விடுமுறை. பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்கு முந்தைய வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. பராமரிப்புப் பணி காரணமாக எங்கள் கேரவனை வியாழக்கிழமைக்குள் பின்வரிசைக்கு மாற்ற வேண்டுமாம். என்ன பராமரிப்பு? மண்வெட்டி பிடித்த ஒருவரையும் அங்கே நான் பார்க்கவில்லை. கரைமேட்டை ஒட்டிய அந்த முன்வரிசையை மறுநாளே "பிரீமியம்" என்று பெயர் சூட்டி, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று இணையத்தில் விற்பனைக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் விலை கொடுத்து வாங்கிய அதே புல்தரையை, எங்கள் கண்ணெதிரே, இன்னொருவருக்கு இரண்டாம் முறை விற்கிறார்கள். இதற்குப் பராமரிப்பு என்று பெயர்!

கேரவனை நகர்த்துவது நாற்காலியை நகர்த்துவது போல என்று அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். முதலில் ஆனிங்கைப் பிரிக்க வேண்டும். கேரவனின் பக்கவாட்டில் உள்ள காடியில் நுழைத்துக் கட்டுகிற கூடாரம் அது. எங்களுக்கு அதுதான் சமையல் இடம், சாப்பாட்டு இடம், மழை நாளில் பிள்ளைகள் விளையாடும் இடம். கோடை முழுவதும் காற்றுக்கு ஈடுகொடுத்து நின்ற முளைகள் களிமண்ணை விட்டு எளிதில் வராது. ஒவ்வொன்றையும் கொக்கியால் நெம்பி எடுக்க வேண்டும். கம்பிகளின் பூட்டுகளில் உப்புக்காற்று ஏறி இறுகிக் கிடக்கும். அன்று மழை வேறு. நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து நாறும், சுருட்டாமலும் நகர முடியாது. அதற்குப் பிறகு 40 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாயைக் காலி செய்து, கழிவுநீர்த் தொட்டியைக் கொட்டி, கழிப்பறைக் கேசட்டை, அதாவது கழிவு சேர்கிற கழற்றக்கூடிய பெட்டியை, கழுவி, காஸ் சிலிண்டரை மூடி, மின் கேபிளைக் கழற்றிச் சுற்றி, நான்கு மூலைக் கால்களையும் கைப்பிடி போட்டுச் சுழற்றி மேலே ஏற்றினால்தான் சக்கரம் உருளும். புதிய இடத்துக்குப் போனதும் இவ்வளவையும் மறுபடி தொடங்க வேண்டும். மட்டம் பார்க்கிற வேலை தனி. கேரவன் சாய்ந்து நின்றால் குளியலறையில் தண்ணீர் வடியாது, காஸில் ஓடுகிற குளிர்பெட்டி சரியாகக் குளிராது.

என் கணவர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் கண்ணை மூடாமல் கார் ஓட்டி வந்து இதைச் செய்தார். எங்களுக்குக் கொடுத்த புதிய இடம் கேசட் கொட்டுகிற தொட்டிக்குப் பத்தடி தள்ளி. பள்ளமான தரை. ஒரு மழை பெய்தால் படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிறது. காலையில் ஒவ்வொருவராகக் கேசட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது பிள்ளைகளுக்கு இட்லி ஊட்ட வேண்டியிருக்கிறது.

கேட்டால் என்ன பதில் தெரியுமா? "நீங்கள் கையெழுத்துப் போட்ட விதிமுறையில் இருக்கிறது." ஆமாம், இருக்கிறது. நிர்வாகம் தன் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் இடத்தை மாற்றலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, பணம் திரும்பத் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். இப்படி எழுதி வைத்துவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இந்த நாட்டில் அமலில்தான் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று அது சொல்கிறது. எந்த மாதிரி விதிகள் நியாயமற்றவையாகக் கருதப்படலாம் என்று ஒரு பட்டியலும் அதில் உண்டு. உரிய காரணமே குறிப்பிடாமல் வியாபாரி தானாக ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது அந்தப் பட்டியலில் இருக்கிறது. வியாபாரியே ஒப்பந்தத்தை முறித்துவிட்டு, தராத சேவைக்கு வாங்கிய பணத்தைத் தானே வைத்துக்கொள்வதும் இருக்கிறது. இதைச் சொன்னபோது அலுவலகப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பராமரிப்பு வேலை பார்க்கிறவள் சட்டம் படிக்கக் கூடாதா?

எங்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு குறைவு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆண்டு முழுவதும் கேரவன் பார்க்கிலேயே குடியிருப்பவர்களுக்கு 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம் இருக்கிறது. அவர்களை நினைத்த நேரத்தில் கிளப்ப முடியாது. விடுமுறைக்கு மட்டும் வந்து தங்குகிற நாங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டோம். சரி, நாங்கள் குடியிருப்பு உரிமை கேட்கவே இல்லையே! வேறொரு நிரந்தர முகவரி இருக்கிறது என்று நிரூபிக்க வருடா வருடம் கவுன்சில் வரி ரசீதைக் காட்டத்தானே செய்கிறோம். அக்டோபர் முடிந்தால் இழுத்துக்கொண்டு போகத்தானே போகிறோம். காசு கொடுத்த மாதங்களில் காசு கொடுத்த இடத்தில் நிற்க விடுங்கள் என்பதுதான் கேட்பது.

எல்லா விதிகளையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டு கேரவன்களுக்கு நடுவே ஆறு மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தீ பரவாமல் இருக்க. ஒரு முழம்கூட நாங்கள் அதை மீறியதில்லை. ஆனிங்கின் தரைவிரிப்பைத் தூக்கிப் புல்லுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள் என்பதும் சரியான பேச்சு. இரவில் சத்தம் கூடாது, நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும், எல்லாமே சரி. எங்களுக்கு விதி, அவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மின்சாரத்தில் நடப்பது பகல் கொள்ளை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறிய மின்கம்பம், அதில் நீல நிற இணைப்பு, மூடியைத் தூக்கினால் சிலந்திவலைக்குப் பின்னால் ஒரு மீட்டர். மீட்டர் ஓடுகிற எண்களை நானே நோட்டில் குறித்து வைக்கிறேன். அலுவலகத்திலிருந்து வருகிற துண்டுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறது. யூனிட் எவ்வளவு, பழைய ரீடிங் எவ்வளவு, புதிய ரீடிங் எவ்வளவு, ஒன்றும் இல்லை. வகுத்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் கட்டுகிற யூனிட் விலையைவிட மிக அதிகமாக வருகிறது. இத்தனைக்கும் எரிசக்தித் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் வைத்திருக்கிற விதி தெளிவானது: வீட்டு உபயோகத்துக்காக மின்சாரத்தை மீட்டர் வைத்து மறுவிற்பனை செய்கிறவர், தான் வாங்கிய விலைக்கு மேல் ஒரு பென்னிகூட வைத்து விற்கக் கூடாது. கேரவன் பார்க்குகளுக்கும் இது பொருந்தும். கணக்கைக் கேட்டால் காட்ட வேண்டும். கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்டு நீதிமன்றத்துக்கே போகலாம். நான் கணக்குக் கேட்டதும் கிடைத்த பதில்: "மற்றவர்கள் யாரும் கேட்பதில்லையே."

அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற மின்சாரமாவது ஒழுங்காக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. பின்வரிசைக் கம்பங்களில் பத்து ஆம்பியர்தான். 2,000 வாட் கெட்டில் கொதிக்கும்போது யாராவது சிறிய ஹீட்டரைத் தட்டிவிட்டால் போதும், இணைப்பு போய்விடும். கம்பத்தின் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி அலுவலகத்தில். அலுவலகம் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். அக்டோபர் மாதத்து வட கடல் காற்றில் இரவு முழுவதும் இருட்டில் உட்கார்ந்து, சின்னவனுக்கு மூன்று போர்வை போர்த்திவிட்டு, காலை ஒன்பது மணிக்குச் சாவிக்காகக் காத்திருந்தோம். இரவு நேரத்துக்கு என்று ஒரு தொலைபேசி எண் கொடுத்திருக்கிறார்கள். அதை யாரும் எடுப்பதில்லை.

இதே கடற்கரையின் பழைய கதையை நினைத்தால் ஆத்திரம் இரட்டிப்பாகிறது. 1936இல் பில்லி பட்லின் என்கிற தொழிலதிபர் தன் முதல் விடுமுறை முகாமைத் திறந்தது இதே ஸ்கெக்னெஸில்தான். 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் வந்தது. 1939இல் டெர்பிஷயர் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று ஒரு விடுமுறை மையம் இங்கே திறக்கப்பட்டது. நிலத்துக்கு அடியில் கரி தோண்டியவர்கள் வருடத்தில் ஒரு வாரமாவது கடல்காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்று உருவான கடற்கரை இது. எங்கள் பக்கத்து கேரவனில் இருக்கிற பெரியவர் நாட்டிங்காம்ஷயரில் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்ததாகச் சொல்வார். அவரையும் அதே வாரம் பின்னுக்குத் தள்ளினார்கள். கைத்தடி ஊன்றி நடக்கிற அவருடைய மனைவி இப்போது கழிப்பறைக் கட்டடத்துக்கு இரண்டு மடங்கு தூரம் நடக்கிறார். ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டேன். "பேசினால் அடுத்த வருடம் இடம் தரமாட்டார்கள் அம்மா" என்றார்.

அந்த பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் போகலாம் என்பதை நேரடியாகவும் ஜாடையாகவும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். போவதும் அவ்வளவு லேசா? பாதிச் சீசனில் வேறு எங்கே இடம் கிடைக்கும்? கட்டிய பணம் திரும்பாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு நிறுத்துமிடம் மாறியதைத் தெரிவித்து, அதற்கும் கூடுதல் கட்டணம் கேட்டால் கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

இப்போது அடுத்த சீசனுக்கான கடிதம் வந்திருக்கிறது. கட்டணம் கூடியிருக்கிறது. எதற்காக என்று ஒரு வரி விளக்கம் இல்லை. பதினான்கு நாளுக்குள் முன்பணம் கட்ட வேண்டும், எக்காரணம் கொண்டும் அது திருப்பித் தரப்படாது. கூடவே ஒரு புதிய விதி: பன்னிரண்டு வருடத்துக்கு மேற்பட்ட கேரவனுக்கு இடம் கிடையாது. எங்கள் கேரவனுக்கு வருடா வருடம் சர்வீஸ் செய்கிறோம், ஈரக்கசிவுப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறது, டயர் புதிது. அதையெல்லாம் பார்க்காமல் பிறந்த வருடத்தை மட்டும் பார்த்து ஒதுக்குவதற்குப் பாதுகாப்பு காரணமாம். பளபளப்பான வண்டிகளாக நிறுத்தி வைத்தால் படம் எடுத்து விளம்பரம் போட வசதியாக இருக்கும், அதுதான் காரணம்.

நான் முன்பணம் கட்டவில்லை. பதிலுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இந்த இரண்டு வருடமும் மின்சாரத்துக்கு நீங்கள் கட்டிய பில்லைக் காட்டுங்கள், எங்களிடம் கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தாருங்கள். ஒதுக்கிய இடத்தின் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மாற்ற வேண்டுமானால் என்னென்ன காரணத்துக்கு என்பதையும் எழுதுங்கள். இரவில் சாவியோடு ஓர் ஆளை வையுங்கள். பின்வரிசையில் இருக்கிற மற்றக் குடும்பங்களிடமும் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் பில் வரவில்லை என்றால் என் நோட்டில் இருக்கிற ரீடிங்குகளோடும் அந்தப் பென்சில் சீட்டுகளோடும் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் மனுப் போடுவேன். இதே கடற்கரையில் இடம் எடுத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் துண்டுச்சீட்டுகளைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். மீட்டர் எண்ணை இந்த வாரமே படம் எடுத்துவிடுங்கள்.