முட்டைக்கோஸை மூணு தடவ கழுவுற வீட்டுல கீரை இல்ல

நேத்து பாண்டில மச்சான் வீட்ல சாப்பாடு. அக்கா முட்டைக்கோஸை மஞ்சத்தூள் தண்ணில ஒருவாட்டி உப்புத்தண்ணில ஒருவாட்டி அப்புறம் சும்மா தண்ணில ஒருவாட்டி அலசுனாங்க, கேட்டா "எல்லாம் கெமிக்கல் தம்பி, அதான் எங்க பாத்தாலும் கேன்சரு"ன்னாங்க. சரிதான், கழுவுறது நல்லதுதான். ஆனா இலைல பிரியாணி, சிக்கன், கோஸ் பொரியல், இவ்ளோதான். கீரை வாங்குறதே இல்லையாம், ஆய்றதுக்கு நேரம் இல்லையாம்.

எனக்கு உடனே புரூஸ் ஏம்ஸ் ஞாபகம் வந்துட்டாரு. பெர்க்லி பல்கலைக்கழக விஞ்ஞானி, 2024 அக்டோபர்ல 95 வயசுல இறந்தாரு. 1964ல ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் பின்னாடி போட்ருந்த பேரையெல்லாம் படிச்சுட்டு, இதுல ஏதாச்சும் நம்ம மரபணுவ கெடுக்குமான்னு யோசிக்க ஆரம்பிச்சவரு. அதுல இருந்து வந்ததுதான் ஏம்ஸ் டெஸ்ட். ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலத்த தானா செய்யத் தெரியாத சால்மொனெல்லா கிருமிய எடுத்து, அது இல்லாத தட்டுல போட்டா வளராது. அதுல நம்ம சந்தேகப்படுற பொருள ஊத்தணும். டிஎன்ஏல மாத்தம் வந்துச்சுன்னா சில கிருமிக்கு அந்த வித்தை திரும்பக் கிடைச்சு புள்ளி புள்ளியா வளந்துரும். நிறைய பொருள் நம்ம ஈரல்ல போய்தான் விஷமா மாறுது, அதனால எலி ஈரல அரைச்சு அந்தச் சாறையும் சேத்தாரு பாருங்க, அங்கதான் மனுஷன் நின்னாரு. ரெண்டு நாள்ல முடிவு தெரிஞ்சிரும், செலவும் கம்மி. பேட்டன்ட் கூட வாங்கல, கேட்ட லேபுக்கெல்லாம் கிருமிய அனுப்பி வச்சாரு. 1977ல அமெரிக்காவுல குழந்தைங்க நைட் டிரஸ்ல தீப்பிடிக்காம இருக்க போட்ட டிரிஸ்ங்கற ரசாயனத்துக்கு தடை வந்ததுல இந்த டெஸ்டுக்கும் பங்கு உண்டு.

அப்படிப்பட்டவரு 1990ல போட்ட கணக்கு, அமெரிக்காக்காரங்க சாப்பிடற பூச்சிக்கொல்லில எடைப்படி 99.99 சதவீதம் செடியே தன்ன காப்பாத்திக்க செஞ்சுக்கறதுதான்னு. கோஸ்ல மட்டுமே அப்படி 49 பொருள் இருக்குன்னு பட்டியல் போட்டாரு. இத கேட்டா அக்கா கோஸையே விட்ருவாங்க, சொல்லல. அதுக்காக கோஸ் விஷம்னு அவரு சொல்லல, அளவுதான் பேச்சு. ஆனா அது அந்த ஊரு தட்டு, நம்ம ஊர்ல மருந்து அடிக்கிற லட்சணம் வேற, அத அப்படியே தூக்கிட்டு வந்து இங்க பேசறவங்க மேல எனக்கு கோவம் வரும்.

கீரை விஷயத்துல மட்டும் மறுபேச்சே இல்ல. கீரைல இருக்கற ஃபோலேட்டுங்கற வைட்டமின் கம்மியானா டிஎன்ஏல தைமின்ங்கற எழுத்து உக்கார வேண்டிய எடத்துல யுராசில்ங்கற தப்பு எழுத்து வந்து உக்காந்துரும், செல்லு அத வெட்டி எடுக்கும், ரெண்டு இழைலயும் பக்கத்து பக்கத்துல வெட்டு விழுந்தா குரோமோசோமே ஒடையும். 1997ல அவரு குழு காட்டுனது இது. கதிர்வீச்சு பட்டா நடக்கற மாதிரி சேதம், கீரை திங்காததால. அந்த ஃபோலேட்டுங்கற பேரே இலைக்கான லத்தீன் வார்த்தைல இருந்து வந்ததுதான். (கீரைய வேகவச்சு தண்ணிய வடிச்சு கொட்டாதீங்க, பாதி அதோட போயிரும்.)

2006ல இன்னொரு கருத்து சொன்னாரு. சத்து பத்தலன்னா உடம்பு இன்னிக்கு உசுரோட இருக்கறதுக்கு மொதல்ல குடுக்குமாம், பழுது பாக்கற வேலை தள்ளிப்போகுமாம். மாசக்கடைசில நம்ம அரிசி வாங்கிட்டு ஒழுகுற ஓட்ட அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விடுவோம்ல, அதேதான். தானே புயல் வந்தப்ப தெரிஞ்சுது எந்த ஓடு நின்னுச்சுன்னு.

இப்ப எங்க ஊரு கடலூருக்கு வரேன். ஏம்ஸ் பேர சொல்லி "கெமிக்கல்னா பயப்படாதீங்க"ன்னு எழுதற ஆளுங்க ஒண்ண மறைச்சுருவாங்க. 1987ல ஆபத்த வரிசைப்படுத்தினப்ப சாப்பாட்டுல ஒட்டியிருக்கற பூச்சிமருந்து மிச்சத்த கீழ வச்சாரு, ரசாயனத்த வேலையிடத்துல சுவாசிக்கற தொழிலாளிய மேல வச்சாரு. எங்கப்பா சிப்காட் தொழிற்பேட்டைல ஒரு கம்பெனில சாயப்பிரிவுல இருந்தாரு, பேரு வேணாம். கைல மஞ்சக்கறை ஞாயித்துக்கிழம கூட போவாது, முகத்துல துண்டுதான் கட்டிக்குவாரு. சிப்காட்ட ஒட்டியிருக்கற குடிகாடு பக்கம் ராத்திரில பஸ்ல போனவங்களுக்கு அந்த வாசனை தெரியும். 2004ல ஊர்க்காரங்களே பக்கெட்டுல காத்த புடிச்சு பரிசோதனைக்கு அனுப்புனாங்க, அத நெனச்சா இன்னிக்கும் சிலிர்க்கும்.

அக்கா பயம் பொய்யின்னு நான் சொல்லல. அந்தப் பயம் கோஸ் மேல இருக்கு, சிப்காட் பக்கத்துல ஓடுற உப்பனாறு மேல இல்ல, அதுதான் என் வருத்தம்.

டெஸ்ட்ல புள்ளி வந்துட்டா கேன்சர்னு அர்த்தம் இல்ல, அது மொத எச்சரிக்கைதான், அதையும் சொல்லிடறேன். ஆனா ரெண்டு நாள் வேலைதானே. காலேஜ் லேப்ல இந்த டெஸ்ட் பண்றவங்க யாராச்சும் இந்த லிஸ்ட்ல இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, உப்பனாத்துல எத்தன எடத்துல வேணும்னாலும் தண்ணி மொண்டு நான் கொண்டாந்து தரேன், பெட்ரோல் காசு கூட வேணாம்.