பகிடிக்கு மன்னிப்புக் கேட்கோணுமாம்

எங்கட சபையின்ட கிறிஸ்மஸ் ஒளிவிழாவில வாலிபப் பிள்ளைகள் ஒரு பகிடி நாடகம் போட்டவை; அதுக்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். பொறுத்துப் பார்த்தன், ஏலாமக் கிடக்கு. வாலிபப் பிள்ளைகளைச் சபைக்கு முன்னால நிப்பாட்டி மன்னிப்புக் கேட்க வைச்சது பிழை. பிழைதான்.

அப்பிடி என்ன நடிச்சவை? ஒருத்தர் கோயிலுக்கு ஃபேன் குடுக்கிறார். சுத்தினா இறக்கையில எழுதின 'உபயம்' தெரியாது எண்டு ஆராதனை முடியுமட்டும் சுவிட்சைப் போட விடுறாரில்ல. சனம் பாட்டுப் புத்தகத்தால விசிறிக்கொண்டு இருக்குது. இவ்வளவுதான்!

தர்மம் செய்யேக்க முன்னால தாரை ஊதாதே எண்டு மத்தேயு 6இல இயேசுவே சொன்னதைத்தானே பிள்ளைகள் நடிச்சவை? கொசுவை வடிகட்டிப்போட்டு ஒட்டகத்தை விழுங்குறவை எண்டு பரிசேயரைச் சொன்னதும் அவர்தான். சிரிக்க வைச்சுத்தான் குத்தினவர்.

உடன பகிடி கூடாதெண்டு எபேசியர் 5:4ஐத் தூக்கிக்கொண்டு வருவியள். அங்க பவுல் தடுத்தது வம்புப் பேச்சையும் அசிங்கப் பகிடியையும். உங்களிட்டக் காசு வாங்காமல் விட்ட அநியாயத்தை மன்னியுங்கோ எண்டு கொரிந்தியருக்குப் பகிடியா எழுதினவரும் அதே பவுல்தான்.

கர்மேல் மலையில எலியா தீர்க்கதரிசி பாகால் எண்ட வேற்றுத் தெய்வத்தைக் கேலி செய்ததை நான் இதுக்குள்ள இழுக்கேல்ல. கோணேசர் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் பக்கத்துப் பக்கத்தில இருக்கிற ஊர் எங்கட திருகோணமலை. அயலவரின்ட நம்பிக்கையைப் பகிடி பண்ணக் கூடாது. இது எங்களை நாங்களே பார்த்துச் சிரிக்கிறது. அதுவும் கூடாதெண்டா என்ன விசுவாசம் இது?

2004இல கடல் அடிச்ச பிறகு பள்ளிக்கூடமொண்டில இருந்தனாங்கள். காலையும் பருப்பு, இரவும் பருப்பு. ஒருநாள் அம்மம்மா சத்தமா ஜெபம் பண்ணினா: "கர்த்தாவே, இஸ்ரவேலருக்கு நாப்பது வருசம் சாப்பிட மன்னா குடுத்தீர். எங்களுக்கு இந்தப் பருப்பை நாப்பது வருசம் தந்திடாதேயும்." அழுதுகொண்டிருந்த சனம் சிரிச்சது. தன்ர தகப்பனோட கதைக்கிற மாதிரித்தான் அம்மம்மா கடவுளோட கதைக்கிறவ. அவவையும் எழுப்பி மன்னிப்புக் கேட்க வைப்பியளோ?

குடுக்கிறவையின்ட மனசு நோகுமாம். நாடகத்தில ஒரு பேரும் வரேல்ல. பிறகு ஏன் சுட்டது? அந்தப் பிள்ளைகளின்ட மனசு நொந்தது ஒருத்தருக்கும் தெரியேல்லையே! கூட்டின மண்டபமும் கட்டின தோரணமும் அவையின்ட கைதான். இப்ப கொயர் பழக்கத்துக்கும் வராமல் நிண்டிட்டினம்.

அதில ஒரு பொடியன் என்னட்டக் கேட்டான், "அன்ரி, நாங்க பொய்யா சொன்னனாங்கள்?" எண்டு. இல்லையடா ராசா, பொய்யில்ல. அவனை மைக்குக்கு முன்னால நிப்பாட்டின பெரியவை அதே மைக்கில இதையும் சொல்லோணும்.