ஒவ்வாமைப் புரதம் கரப்பான்பூச்சிக்கு எதற்கு?

கரப்பான்பூச்சி பற்றிய கட்டுரையில், மனிதருக்கு ஒவ்வாமை உண்டாக்கும் அதன் புரதங்களை ஏதோ விஷம் போலச் சொல்லியிருப்பது சரியில்லை. அவை அதன் பிழைப்புக்கானவை. ஜெர்மன் கரப்பானில் 'பிளா ஜி 4' என்று பெயரிட்ட புரதம் ஆணின் இனப்பெருக்கத் துணைச் சுரப்பிகளில் உருவாகி, இணையும்போது விந்துப்பொதியோடு பெண்ணுக்குப் போய்ச் சேர்கிறது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! 'பிளா ஜி 5' நச்சு முறிக்கும் நொதி. 'பிளா ஜி 7' தசைப் புரதம், இறாலிலும் இதையொத்தது உண்டு. 'பிளா ஜி 1' நடுக்குடலில் உண்டாவது. பெண் பூச்சி நன்றாகத் தின்னும் நாட்களில் கூடுதலாகச் சுரந்து எச்சத்தோடு வெளியேறும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மிளகுத்தூள் தூவினாற்போல் கிடக்குமே, அதில்தான் இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மருந்தடித்துக் கொன்றால் மட்டும் போதாது. அந்த எச்சத்தையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கட்டுரையாளர் இதையும் சேர்த்தால் நல்லது.